பாலம் மூழ்கினால் கையொப்பம் யாருடையது?

கேள்வி: ஐயா, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முகாமையாளராக இருக்கிறேன். 340 அங்கத்தவர்கள், 16 ஊழியர்கள், ஒரு பால் குளிரூட்டும் நிலையம், கல்லடியில் ஒரு தயிர்க்கடை. போன மாரியில் மூன்று நாள் வீதி மூழ்கி, கரண்டும் நின்று, சேர்ந்திருந்த பாலையெல்லாம் வாய்க்காலில் ஊற்றினோம். ஜெனரேற்றர் இருந்தது. டீசல் வாங்கக் காசு எடுக்க வேண்டும். காசோலையில் கையொப்பம் வைக்கும் இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். இப்போது ஓர் உதவி நிறுவனம், நெருக்கடி முகாமைத்துவத் திட்டம் இருந்தால்தான் அடுத்த கட்ட நிதி என்கிறது. இணையத்தில் எடுத்த 70 பக்க ஆங்கில மாதிரி ஒன்றைத் தமிழாக்கத் தொடங்கியிருக்கிறேன். இது சரியான வழிதானா? எங்களைப் போன்ற சிறிய சங்கத்துக்கு இது சாத்தியமா?
— ஒரு சகோதரி, கொக்கட்டிச்சோலைப் பக்கம்

அன்பின் சகோதரிக்கு,

அந்தத் தமிழாக்கத்தை இன்றே நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய திட்டத்தின் முதல் வரியை இந்தக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: கையொப்பம் வைக்கும் இருவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். 70 பக்க மாதிரியில் இந்த வரி இருக்காது. அதை எழுதியவருக்கு மட்டக்களப்பு வாவி தெரியாது, மண்முனைத்துறையும் தெரியாது.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம், நான் ஓர் உதவி நிறுவனத்தின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தேன். களஞ்சியம் அலை தொடாத இடத்தில் இருந்தது. உள்ளே தறப்பாள், பாய், நுளம்புவலை, சமையல் பாத்திரம். நாவலடியிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் தப்பி வந்த சனம் பள்ளிக்கூட விறாந்தைகளில் ஈர உடுப்போடு இருந்தது. சாவி என்னிடம். ஆனால் பொருள் வெளியேற்றும் படிவத்தில் கையொப்பமிட வேண்டியவர் கொழும்பில். போன் எடுபடவில்லை. நான் அன்று முழுவதும் காத்திருந்தேன். அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. யாரும் எனக்கு அனுமதி தந்திருக்கவும் இல்லை. வாசலில் நின்ற ஒரு அம்மா கேட்டா: “உள்ளுக்க இரிக்கிற சாமான் ஆருக்கு மகன்?” நான் அவவுக்குப் படிவத்தைக் காட்டினேன்.

அந்த நிறுவனத்திடமும் ஒரு திட்டம் இருந்தது. நல்ல மட்டையோடு அலுமாரியில் இருந்தது. வெள்ளம், புயல், கலவரம் என்று எல்லா ஆபத்துக்கும் ஒவ்வோர் அத்தியாயம். களஞ்சியப் பொறுப்பாளர் யாரையும் கேட்காமல் எத்தனை தறப்பாள் கொடுக்கலாம் என்ற ஒரு வரி மட்டும் அதில் இல்லை.

ஆகவே என் அனுபவத்தில் இதற்கு ஒரே விளக்கம்தான். வழமையாக ஒருவரைக் கேட்டுச் செய்யும் காரியத்தை, கேட்க வழியில்லாதபோது யார் செய்யலாம், எவ்வளவு வரை செய்யலாம் என்று நல்ல நாளிலேயே எழுதி, சபையில் நிறைவேற்றி வைப்பதுதான் நெருக்கடி முகாமைத்துவம். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருபவை.

ஒரு தாளை எடுத்து நடுவில் வாவியைக் கோடாக வரையுங்கள். ஒரு பக்கம் கடலோர எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. 16 ஊழியர்களையும், தலைவர், செயலாளர், பொருளாளரையும் அவரவர் இரவில் படுக்கும் இடத்தில் குறியுங்கள். பிறகு குளிரூட்டி, ஜெனரேற்றர், பால் ஏற்றும் வாகனம், கணக்குப் புத்தகம், வங்கிக் கிளை ஆகியவற்றைக் குறியுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு இரண்டு கரையும் ஒன்று என்ற எண்ணம் நமக்கு வந்துவிட்டது. ஓடத்தையும், வாகனம் ஏற்றும் ‘பாதை’ப் படகையும் நம்பியிருந்த காலத்தில் நம் பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை; மாரி தொடங்கமுன் வேண்டியதை இந்தக் கரைக்கு எடுத்துவிடுவார்கள். வலையிறவுப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும்போதும், மண்டூர்–வெல்லாவெளி வீதி மூழ்கும்போதும் அந்தப் பழைய பிரிவு அப்படியே திரும்பி வருகிறது. உங்கள் படத்தில் ஒரு வேலை முழுவதும் ஒரே கரையில் இருப்பவர்களிடம் மட்டும் இருக்கிறதென்றால், அதுதான் உங்கள் ஓட்டை. ஒவ்வொரு முக்கிய வேலைக்கும் படுவான்கரையிலேயே இரவு தங்கும் ஒருவர் வேண்டும், அவர் இல்லாவிட்டால் இன்னொருவர், அவரும் இல்லாவிட்டால் மூன்றாமவர். பதவியை மட்டும் எழுதாமல் பெயரையும் எழுதுங்கள்.

காசு விடயம்தான் இதில் கடினமானது, ஆனால் தீர்க்கக்கூடியது. கூட்டுறவுச் சங்கம் என்பதால் நீங்கள் நினைத்தபடி மாற்ற முடியாது. உபவிதியைப் பாருங்கள், கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தின் பரிசோதகரிடம் முன்கூட்டியே பேசுங்கள். படுவான்கரையில் வசிக்கும் ஒரு பணிப்பாளரை மூன்றாவது கையொப்பக்காரராகச் சேர்த்து, மூவரில் எந்த இருவரும் ஒப்பமிடலாம் என்று வங்கிக்கு அறிவியுங்கள். ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை மட்டும் சில்லறைக் காசு எல்லையை உயர்த்தி, அதைக் குளிரூட்டும் நிலையப் பொறுப்பாளர் டீசலுக்கும் போக்குவரத்துக்கும் யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், மூன்று நாளுக்குள் பற்றுச்சீட்டோடு கணக்குக் காட்ட வேண்டும் என்று தீர்மானம் எடுங்கள். “காசு கையில் இருந்தால் களவு போகும்” என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். நியாயமான பயம்தான். போன மாரியில் ஊற்றிய பாலின் பெறுமதியை அவருக்கு முன்னால் எழுதிக் காட்டுங்கள். இரண்டு தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட்டம் தானாகத் தீர்மானிக்கும்.

அடுத்தது, எப்போது இந்த அதிகாரம் தொடங்குகிறது என்பது. “நிலைமை மோசமானால்” என்று எழுதாதீர்கள். மோசம் என்பது ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு மாதிரி. தலைவருக்கு மனம் கேட்காது, இன்னும் ஒரு மணித்தியாலம் பார்ப்போம் என்பார். கண்ணால் கண்டு ஆம், இல்லை என்று சொல்லக்கூடிய அடையாளங்களை எழுதுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் நம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை விட்டால். உன்னிச்சைக் குளத்தின் அல்லது நவகிரிக் குளத்தின் வான்கதவு திறக்கப்படுகிறது என்று நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தால். உங்கள் ஊர் வீதியில் நீங்களே சிவப்பு மை பூசிய மதகுக் கட்டையைத் தண்ணீர் தொட்டால். இந்த மூன்றில் ஒன்று நடந்தால், யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை, முதல் நிலை தொடங்கிவிட்டது. குளத்துத் தண்ணீர் உங்கள் வீதிக்கு வர நேரம் எடுக்கும், அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டியாயிற்றா என்று நம் ஆட்கள் போனில் விசாரிப்பார்களே, அது வெள்ளம் வடிவதற்கான கேள்வி. நீங்கள் அதற்கு முன்பே வேலையை முடித்திருக்க வேண்டும்.

முதல் நிலையில் உங்கள் சங்கம் என்ன செய்யும் என்பது பாலைப் பொறுத்த விடயம், அதில் என்னைவிட உங்களுக்கு அறிவு அதிகம். எனக்குத் தெரிந்த அளவில் சில கணக்குகள் மட்டும். பால் 4 பாகைக்குக் குளிர்ந்து, தொட்டி நன்றாக மூடியிருந்தால், கரண்ட் நின்ற பிறகும் சில மணித்தியாலம் தாங்கும். குளிராத பால் நம் வெக்கையில் சில மணித்தியாலத்திலேயே திரிந்துவிடும். அதனால் கரண்ட் நிற்பதற்கு முன் குளிர வைப்பதுதான் முக்கியம். ஜெனரேற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் டீசல் குடிக்கிறது என்று அளந்து சுவரில் எழுதி, மூன்று நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள். 2022இல் பெற்றோல் செட் வாசலில் நாட்கணக்காக நின்றதை நாம் மறக்கக்கூடாது. வெள்ளம் இல்லாமலே, 13 மணித்தியாலம்கூடக் கரண்டை வெட்டினார்கள். டீசல் இல்லாத நாளுக்கும் ஒரு வழி வேண்டும். அங்கத்தவர் வீடுகளிலேயே காய்ச்சித் தயிராக்குவது, அயல் கிராமங்களுக்கு நேரடியாகக் கொடுப்பது, எந்த அளவுக்கு மேல் பாலை எடுக்க மாட்டோம் என்பது. மாட்டிடம் போய் இன்று பால் சுரக்காதே என்று சொல்ல முடியாது. ஆகவே சேகரிப்பு இல்லை என்ற செய்தி, விடியற்காலை பால் கறக்கமுன்னர் பட்டிக்காரர் காதுக்குப் போய்ச் சேர வேண்டும்.

செய்தி என்றதும் எல்லோரும் வட்ஸ்அப் குழு இருக்கிறது என்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாளை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு, முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. வெள்ளத்தில் தொலைபேசிக் கோபுரத்துக்குக் கரண்ட் நின்றால் சாதாரண அழைப்பும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சேகரிப்புப் பாதைக்கும் ஓர் ஆள், அவருக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு வீடு, சைக்கிளில் போய்ச் சொல்லும் தூரத்தில் என்று பிரியுங்கள். கோயில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பான வண்ணக்கரிடமும் (கோயில் நிர்வாகியிடமும்), பக்கத்து ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் இப்போதே போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று போய்க் கெஞ்சுவதற்கும் இன்று போய்த் தேத்தண்ணி குடித்துப் பேசுவதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

இனி நான் சொல்வதை உங்கள் சபையில் வாசித்தே காட்டுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வீதிக்கு மேலால் பாய்ந்த தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டது. படிக்கப் போன பிள்ளைகள் வீடு வந்து சேரவில்லை. அம்பாறை, மட்டக்களப்பு இரண்டு மாவட்டமும் அழுத அழுகை அது. உழவு இயந்திரம் உயரமானது, எங்கேயும் போகும் என்பது நம் ஊர்களில் ஊறிப்போன நம்பிக்கை. ஓடுகிற தண்ணீர் ஓர் அடி உயரம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கும். இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிவிடும். கீழே வீதி அரித்துப்போயிருந்தால் அது மேலே தெரியாது. உங்கள் திட்டத்தில் தடித்த எழுத்தில் இதை எழுதுங்கள்: ஓடும் தண்ணீருக்குள் வாகனத்தை இறக்க யாருக்கும் கட்டளையிட முடியாது, சாரதி மறுத்தால் அவரை ஒருவரும் கேள்வி கேட்கக்கூடாது, சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக்கூடாது. பாலை ஊற்றுங்கள். ஊற்றிய பாலுக்கு யாரும் திட்டாமலிருப்பதும் அந்தத் தீர்மானத்தில் இருக்கட்டும், ஏனென்றால் திட்டுக்குப் பயந்துதான் நல்ல சாரதிமார் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

கல்லடிக் கடைக்கு வேறு தாள் வேண்டும், அங்கே பயம் கடல். 2004இல் சுமாத்திராவில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையில் அலை ஏறியதற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலம் நமக்குச் சொல்ல ஆள் இல்லாமல் கழிந்தது. 2012 ஏப்ரல் 11 அதே பக்கத்தில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, கரையோரச் சனம் எழுந்து ஓடியது, பெரிய அலை வரவில்லை. “சும்மா ஓட வைச்சிட்டானுகள்” என்று பலர் சொன்னார்கள். கடையில் நிற்கும் பிள்ளைக்கு நீங்கள் தர வேண்டிய உறுதி இதுதான்: எச்சரிக்கை வந்தால் அல்லது கடல் உள்வாங்கினால் கடையைப் பூட்டாமலே போகலாம், காசுப்பெட்டியைத் தேட வேண்டாம், பத்து முறை ஓடி பத்து முறையும் ஒன்றும் வராவிட்டாலும் யாரும் சிரிக்க மாட்டோம். எந்த வழியால் எங்கே போவது என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் கேட்டு, ஒருநாள் பின்னேரம் அந்தப் பிள்ளையோடு நீங்களும் நடந்து பாருங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கல்லடிப் பாலத்துக்கு ஓடினால் என்ன நடக்கும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

நெருக்கடி தண்ணீரால் மட்டும் வருவதில்லை. உங்கள் தயிரைச் சாப்பிட்ட பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று ஒரு செய்தி பரவலாம். “சங்கம் உடையப் போகுது, சேமிப்பை எடுங்க” என்று ஒரு கதை கிளம்பலாம். இதற்கெல்லாம் தனித்தனி அத்தியாயம் வேண்டியதில்லை. சங்கத்துக்காகப் பேசுபவர் ஒருவர், அவருக்குப் பதிலாள் ஒருவர், மற்ற எல்லோரும் “அவரைக் கேளுங்கள்” என்று மட்டும் சொல்வது. முதல் செய்தி ஒரு மணித்தியாலத்துக்குள்: என்ன நடந்தது என்று எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது, நாங்கள் இப்போது செய்வது, அடுத்த செய்தி எத்தனை மணிக்கு. தெரியாததை ஊகித்துச் சொல்ல வேண்டாம். தயிர் விடயமென்றால் அன்றைய தொகுதியை விற்காமல் நிறுத்தி, மாதிரியைக் குளிரில் வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர் தேடி வரும்வரை காத்திருந்த கடைக்கும் தானே போன கடைக்கும் ஊர் கொடுக்கும் மரியாதை வேறு.

அங்கத்தவருக்குப் பால் காசு எவ்வளவு நிலுவை என்று காட்டும் பதிவேட்டை ஒவ்வொரு நாளும் மாலையில் போனில் படம் எடுத்து, வேறு மாவட்டத்தில் இருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்புங்கள். வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். 2011 வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த கொப்பிகளை வெயிலில் காயவைத்து, மை கரைந்த எண்களை அங்கத்தவரின் ஞாபகத்தோடு ஒப்பிட்ட சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளம் வடிந்த பிறகும் அந்தச் சண்டை ஓயாது.

ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டங்களில் ஆட்களை வேலைக்கு வரும் கைகளாகவே எழுதுகிறோம். சொந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருக்கும் ஒருவர் உங்கள் குளிரூட்டியைப் பார்க்க வரமாட்டார், வரவும் கூடாது. ஒவ்வொருவர் வீட்டிலும் யார் யார், நடக்க முடியாதவர், கைக்குழந்தை, கர்ப்பிணி இருக்கிறார்களா என்று அவர்கள் விருப்பத்தோடு எழுதி வைத்து, எச்சரிக்கை வந்தவுடன் சங்க வாகனம் முதலில் அவர்களை ஏற்றி இறக்கட்டும், பிறகு பாலைப் பார்க்கலாம். ஒரு கிழமைச் சம்பளத்தை முற்பணமாகக் கொடுக்கவும் தீர்மானத்தில் இடம் வையுங்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் தன் இரண்டு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு நான்காம் நாள் வேலைக்கு வந்தார். லொறியில் அரிசி ஏற்றிக்கொண்டு நின்றார். நாங்கள் அவரைத் தைரியசாலி என்று புகழ்ந்தோம். வீட்டுக்குப் போங்கள், உங்கள் இடத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்வது யாருடைய பொறுப்பு என்றும் எழுதியிருக்கவில்லை. உங்கள் தாளில் அந்தப் பொறுப்புக்கும் ஒரு பெயர் இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதி முடித்தால் நாலு, ஐந்து பக்கம் வரும். அதற்குமேல் வந்தால் வெட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் தொலைபேசி எண்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, சுவசெரிய அம்பியூலன்ஸ் 1990, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு, உங்கள் கிராம உத்தியோகத்தர், அருகிலுள்ள மின்சார அலுவலகம். கிராம மட்ட அனர்த்தக் குழுக் கூட்டத்துக்குச் சங்கத்திலிருந்து ஒருவர் போக ஆரம்பிக்கட்டும். உங்களிடம் ஜெனரேற்றர் இருக்கிறது. ஊரின் போன்களுக்கு அன்று சார்ஜ் போட்டுக் கொடுப்போம் என்று அங்கே சொல்லுங்கள். உதவி கேட்கும் நாளில் அது நினைவிருக்கும்.

எழுதிய பிறகு ஒத்திகை. செலவே இல்லை. ஒக்ரோபரில் ஒரு பின்னேரம் இரண்டு மணித்தியாலம் எல்லோரையும் இருத்தி, போன்களை ஒரு கூடையில் போட்டுவிட்டு, கதை சொல்வதுபோல் நிலைமையைச் சொல்லுங்கள்: இரவு ஒன்பது மணி, கட்டையைத் தண்ணீர் தொட்டுவிட்டது, தலைவர் கொழும்பில், தொட்டியில் 900 லீற்றர், ஜெனரேற்றர் அறைச் சாவி வைத்திருப்பவர் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது யார் எழும்புகிறீர்கள்? முதல் முறை எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த இடத்தில் நீங்கள் பதில் சொல்லாமல் இருங்கள். இரண்டாவது முறை நீங்களே நோயாகி ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கதையை மாற்றுங்கள். ஒத்திகையில் குழம்பிய இடத்தையெல்லாம் எழுதி, தாளைத் திருத்துங்கள். உண்மையான வெள்ளத்துக்குப் பிறகும் ஒரு கிழமைக்குள் இதேபோல் கூடுங்கள். யார் பிழை என்று கேட்காமல், எந்த இடத்தில் காத்து நின்றோம் என்று மட்டும் கேளுங்கள்.

உதவி நிறுவனத்துக்கு இந்த ஐந்து பக்கத்தையும், சபைத் தீர்மானங்களின் பிரதியையும், ஒத்திகையில் வந்தவர்களின் கையொப்பப் பட்டியலையும் அனுப்புங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் இதை மொழிபெயர்த்துக் கொடுப்பது ஒருநாள் வேலை. நான் பல வருடம் அந்தப் பக்கத்து மேசையில் இருந்து இப்படியான கோவைகளை வாசித்தவன். தீர்மான இலக்கமும் கையொப்பமும் உள்ள ஐந்து பக்கம் எங்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

வங்கியில் கையொப்ப மாற்றம் செய்ய நாளெடுக்கும், பணிப்பாளர் சபையின் தீர்மானமும் முதலில் வேண்டும். ஆகவே அதை அடுத்த கூட்டத்தின் முதல் விடயமாகப் போடுங்கள். வாவிக்கோடு போட்ட அந்தப் படத்தை முடித்தவுடன் பெயர்களை மறைத்து எனக்கு அனுப்பினால், ஓட்டைகளைப் பார்த்து எழுதுகிறேன்.